சொந்தக் காலில் நிற்க

"சொந்தக் காலில் நிற்பது" என்று நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கினால் சொந்தக் காலில் நிற்கிறான் என்கிறோம். ஒரு தேசம் அந்நியர் தயவின்றித் தன் காரியங்களைத் தானே நடத்திக்கொண்டால் அதையும் அவ்வாறே சொல்கிறோம். சுதந்திரம் என்னும் பெரிய விஷயத்தைச் சொல்ல வந்த நம் முன்னோர், தலையையோ நெஞ்சையோ குறிப்பிடாமல் காலைக் குறிப்பிட்டது கவனிக்கத் தக்கது. படுக்கையிலிருந்து எழுந்து, பிறர் தோளைப் பற்றாமல் கொல்லைப்புறம் வரையில் போய்வர முடிகிற மனிதருக்கு அந்தச் சுதந்திரத்தின் அருமை தெரிவதில்லை. முடியாமற் போனவருக்கு ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது.

சென்ற ஓராண்டுக் காலமாக, மாதத்துக்கு ஒரு முறை, நம் சின்னம்மாவைப் பெருந்துறையிலுள்ள ஓர் எலும்பு வைத்தியரிடம் அழைத்துப் போய்வரும் கடமை நமக்கு வாய்த்தது. வைத்தியருடன் பேசுவது ஐந்து நிமிஷம். அதற்காக முன்கூடத்தில் காத்திருப்பது இரண்டு மணி நேரம். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் வீணாயிற்று என்று நாம் சொல்ல மாட்டோம். அங்கே ஒரு வேடிக்கையைக் கண்டோம். வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் ஜனங்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரரும் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்கிறார். அப்புறம் உள்ளே போனதும், "வலிக்குதுங்க" என்ற ஒரே வார்த்தையுடன் நிறுத்திக்கொண்டு, மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

வேடிக்கை என்று சொன்னோம். யோசித்துப் பார்த்தால் அது வேடிக்கையன்று. கேட்காத கேள்வி ஒன்றினால் ஒருவருடைய கால் போய்விடக்கூடும் என்பதைப் பின்னால் கண்ணாரக் கண்டோம். அதனால்தான் அந்தக் கேள்விகளை இங்கே எழுத முற்பட்டோம். நாம் மருத்துவர் அல்லோம். அறிந்தவர்களிடம் விசாரித்தும், படித்தும் தெரிந்துகொண்டவற்றையே சொல்கிறோம்.

பெருந்துறையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. சேலத்திலிருந்து கோயமுத்தூர் வழியாகக் கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் இது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகள். மற்றொரு பக்கம் மஞ்சளும் தென்னையும் விளையும் தோட்டங்கள். சற்றுத் தொலைவில் போர்வைக்குப் பேர்போன சென்னிமலையின் தறிகள். ஆகவே, எலும்புக்கும் மூட்டுக்கும் வரக்கூடிய துன்பங்களில் எதற்கும் இங்கே குறைவில்லை. சாலையில் விபத்து, தென்னையிலிருந்து விழுதல், குழித்தறியில் நாள் முழுதும் குனிந்திருந்து வரும் முதுகுவலி, மஞ்சள் காட்டில் குத்துக்காலிட்டுக் களை பறித்ததனால் வரும் முழங்கால் வலி. வைத்திய உலகிலும் பெருந்துறை பழைய ஊர்தான். வறண்ட காற்றுக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் முன்னாளில் க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியம் நடந்தது. 1992-இல் அந்த இடத்தில் போக்குவரத்துத் துறையினரின் மருத்துவக் கல்லூரி எழுந்தது. இன்று அது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி.

முன்கூடத்தில் நாம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி, உண்மையில் கேள்வியே அன்று, தீர்ப்பு. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் சின்னம்மாவிடம், "ஏனுங்க, வயசானா முட்டி தேயாம என்ன பண்ணுங்க? இதுக்குப் போயி வைத்தியமா?" என்றார். சின்னம்மாவும் ஆமோதித்தார். இருவரும் வைத்தியத்துக்குத்தான் வந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

"தேய்மானம்" என்ற சொல்லே இந்த விபரீதத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. வண்டியின் அச்சு ஓட ஓடத் தேய்வது போல் முழங்காலும் நடக்க நடக்கத் தேய்கிறது என்றும், ஆகையால் நடவாமல் இருப்பதே அதைக் காக்கும் வழி என்றும் ஜனங்கள் எண்ணிவிடுகிறார்கள். மூட்டு இரும்பு அன்று, உயிருள்ள பொருள். எலும்பின் முனைகளில் வழவழப்பாகப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. மூட்டுக்குள் ஊறும் நீரிலிருந்தே அது ஆகாரம் பெறவேண்டும். காலை மடக்கி நீட்டும்போது அந்த நீர் குருத்தெலும்பில் புகுந்து வெளிவருகிறது. அசைவு நின்றால் ஆகாரமும் குறைகிறது. "இறைக்கிற கிணறு ஊறும்" என்பது கொங்கு நாட்டுக் குடியானவருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முழங்காலும் அப்படிப்பட்ட கிணறுதான்.

வயது ஒரு காரணமே. அது ஒன்றே காரணம் அன்று. உடற்பருமன், பழைய அடி, தொடைத் தசையின் பலவீனம் எல்லாம் சேர்ந்தே வலியை உண்டாக்குகின்றன. இவற்றில் வயதைத் தவிர மற்றவற்றுக்கு மனிதர் ஏதாவது செய்யலாம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியோ, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது. காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரையில் நிறுத்தி, மெதுவாக இறக்குவது, அவ்வளவே. காசு செலவில்லாததால் இதற்கு மதிப்பும் இல்லாமற் போய்விட்டது!

அந்த அம்மாள் உள்ளே போனபோது வைத்தியரிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் துணிந்து கேட்டார்: "டாக்டருங்க, நான் மறுபடி சென்னிமலைப் படி ஏற முடியுங்களா?" சென்னிமலை முருகன் சந்நிதிக்கு 1,320 படிகள். கந்தர் சஷ்டி கவசம் அரங்கேறியது அம்மலையில்தான் என்பது அப்பக்கத்து மரபு. உடம்பின் ஒவ்வோர் அங்கத்தையும் பெயர் சொல்லிக் காக்குமாறு வேண்டும் நூல் அது. அதைத் தினம் பாராயணம் செய்யும் பெண்மணி, படியேற முடியுமா என்று கேட்டதில் வியப்பில்லை. வைத்தியர் சிரித்துவிட்டு, "ஏறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆத்தா. இந்தத் தைப்பூசத்துக்கு மலைப்பாதையில் வண்டியில் போய், பிரகாரத்தை நடந்து சுற்றுங்கள். நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார். சமநிலத்தில் நடப்பதைவிடப் படி ஏறி இறங்குகையில் முழங்காலின்மேல் பாரம் அதிகமாகிறது. எனவே, வலி மிகுந்த காலத்தில் படியைக் குறைத்து நடையைக் காப்பாற்றிக்கொள்வது நியாயமான ஏற்பாடு. இந்த ஒரு பதிலினால் அந்த அம்மாளின் முகத்தில் உண்டான தெளிவு, எந்த மாத்திரையாலும் உண்டாகியிராது.

"மூட்டில் சடசடவென்று சத்தம் கேட்கிறதே?" என்பது அடுத்த கேள்வி. வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. விரலில் சொடக்குப் போடும்போது மூட்டு நீரில் காற்றுக் குமிழி உண்டாவதுதான் சத்தமாகக் கேட்கிறது. "சுண்ணாம்புச் சத்து மாத்திரை போட்டால் தேய்மானம் சரியாகுமா?" ஆகாது. அந்தச் சத்து எலும்புக்கு வேண்டும். குருத்தெலும்பின் தேய்வை அது ஆற்றுவதில்லை. "எக்ஸ்ரே படத்தில் அதிகத் தேய்மானம் என்றார்களே?" படத்தில் தெரியும் தேய்வுக்கும் மனிதர் அனுபவிக்கும் வலிக்கும் எப்போதும் பொருத்தம் இருப்பதில்லை. வைத்தியம் மனிதருக்கே ஒழியப் படத்துக்கு அன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயர் அச்சிடாத பொட்டலத்தில் வரும் பொடி ஒன்றைப் பற்றி முன்கூடத்தில் இரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். மூன்றே நாளில் வலி பறந்துவிடுகிறதாம். பறக்கும், சந்தேகமில்லை. இத்தகைய பொடிகளில் ஸ்டிராய்டு கலந்திருப்பது பல இடங்களில் சோதனையில் கண்டறியப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் உண்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எதற்காக உண்டோமோ அந்த எலும்பே பலமிழந்து முறியும். கடையில் தாமாகவே வாங்கித் தினந்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகளும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. பதில் சொல்லாதவரிடம் வாங்காமல் இருப்பதற்கும் உரிமை உண்டு.

மூட்டுவலி எல்லாம் ஒரே வலி அன்று என்பதையும் அந்தக் கூடத்தில்தான் கற்றோம். முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்மணி. ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் வரையில் இரு கை விரல்களும் மடங்குவதில்லை; தோசை மாவைக் கரைக்கக்கூட முடியவில்லை என்றார். "தண்ணியில கை வெச்சதால வந்த வாதமுங்க" என்று பக்கத்திலிருந்தவர் நிர்ணயம் செய்தார். அது முடக்குவாதம். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தியே திசைமாறி மூட்டைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்வது போல. ஆண்களைவிடப் பெண்களை இது அதிகமாகப் பீடிக்கிறது. முதுமையில் வரும் தேய்வில் காலைக் கெட்டித்தன்மை சாதாரணமாக அரை மணிக்குள் தளர்ந்துவிடும். முடக்குவாதத்தில் அது வெகு நேரம் நீடிக்கும்; சிறிய மூட்டுகள் இரு பக்கமும் ஒரே மாதிரி வீங்கும். முதல் சில மாதங்களுக்குள் தக்க மருந்தைத் தொடங்கிவிட்டால் விரல்கள் கோணாமல் காக்க முடியும். தாமதித்தாலோ, கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது. இந்நோய்க்கு முக்கியமாகத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டியது. தினம் உண்டால் உயிருக்கே அபாயம். "இதை எந்தக் கிழமையில் உண்பது?" என்ற சாதாரணக் கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி, பாருங்கள்! 2006-இல் தமிழ்நாட்டை ஆட்டிவைத்த சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பிறகும் அநேகருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்தது. ஆகவே, வலிக்கு முன் காய்ச்சல் வந்ததா என்பதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இனி முறிவுக்கு வருவோம். "எண்ணெய்க் கட்டா, மாவுக்கட்டா?" என்பது கொங்கு நாட்டில் பழைய வழக்கு. தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிவரும் குடும்பங்களின் கைப்பழக்கத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. முறிந்த எலும்பைக் கூட்டுவது எண்ணெயும் அன்று, மாவும் அன்று, இயற்கை. நேராகக் கூடுகிறதா, கோணலாகக் கூடுகிறதா, கூடுவதற்குள் கைக்கு வேறு கேடு விளைகிறதா என்பதே கேள்வி. டச்சு ராணுவ வைத்தியர் மாத்தைசன் 1852-இல் மாவுக்கட்டு முறையை வெளியிட்டார். ஜெர்மனியில் ராண்ட்ஜென் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு, எலும்பு எங்கே எப்படி முறிந்திருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. கண்ணால் காணக்கூடியதை ஊகத்துக்கு விடுவானேன்?

முக்கியமாக, மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்த குழந்தையின் முழங்கை விஷயத்தில் பிசைதலும் இறுக்கிக் கட்டுதலும் கூடவே கூடாது. பிசைவதனால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து முழங்கை மடங்காமற் போகலாம். இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்து, கை பறவையின் நகம் போல் வளைந்துவிடலாம். இதை 1881-லேயே வோல்க்மன் என்ற ஜெர்மானிய வைத்தியர் விவரித்திருக்கிறார். கட்டு எதுவாயினும் சரி, யார் கட்டியதாயினும் சரி: விரல் வெளுத்தாலும் நீலம் பாய்ந்தாலும், மரத்தாலும், விரலை நீட்டினால் தாங்கமுடியாத வலி கண்டாலும், அந்தக் கட்டை உடனே தளர்த்த வேண்டும். மறுநாள் வரையில் காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: சில மணி நேரத்துக்குள் கை போய்விடும்.

வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்தால், "இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு? கிடக்கட்டும்" என்று வீட்டார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பாசத்தினால் சொல்வதுதான், ஆயினும் பலன் நேர்மாறானது. படுத்த படுக்கையாகக் கிடப்பதுதான் முதியவர்களைக் கொல்கிறது. படுக்கைப் புண்ணும் நுரையீரல் சளியும் இரத்தக் கட்டியும் காத்திருக்கின்றன. ஓரிரு நாட்களுக்குள் சிகிச்சை செய்து எழுப்பி உட்காரவைப்பதே இன்றைய வைத்திய முறை. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கோ, 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 வண்டி இருக்கிறது. விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் அரசாங்கத் திட்டமும் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. "பணம் கட்ட வேண்டுமோ?" என்று சாலையோரத்தில் யோசித்து நிற்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

"மூட்டு மாற்றிக்கொள்ளலாமா? எத்தனை நாள் வரும்? எவ்வளவு செலவாகும்?" இம்மூன்றும் எப்போதும் சேர்ந்தே வரும் கேள்விகள். செயற்கை மூட்டு இன்று புதுமை அன்று. இடுப்பு மூட்டுக்கு நிலைத்த வழி கண்டவர் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, ஆண்டு 1962. முழங்கால் மூட்டு அதற்குப் பின் வந்தது. ஆஸ்திரேலியா, பின்லாந்து முதலிய நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கின்றன. செலவைப் பற்றி: 2017 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் செயற்கை முழங்கால்களுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. சாதாரணமாகப் பயன்படும் வகைக்கு, வரி நீங்கலாக, அப்போது 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முன் அது ஒன்றரை லட்சத்தையும் தாண்டி விற்றது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் மூட்டு மாற்று சிகிச்சை நடக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்று உண்டு: "மாற்றிய பிறகு நான் தரையில் சம்மணமிட்டு உட்காரலாமா?" பெரும்பாலும் வேண்டாம் என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். தரையில் இலை போட்டு உண்பதும், குந்தியிருந்து வேலை செய்வதுமாக வாழ்ந்தவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. முன்னதாகவே கேட்டுத் தெரிந்து, வீட்டில் நாற்காலிக்கும் மேல்நாட்டுக் கழிவறைக்கும் ஏற்பாடு செய்துகொண்டவர்கள் பிற்பாடு வருந்துவதில்லை.

இத்தனை கேள்விகளையும் கேட்டபின், யாரும் கேட்காத ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாம் போகத் தொடங்கிய இரண்டாம் மாதம், சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் ஒருவர் தம் தாயாருடன் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். நான்கு மாதமாக முதுகுவலி. "தறிக்குழியில உக்காந்து உக்காந்து வந்ததுங்க" என்று அவர் சொல்லவும், கூடத்திலிருந்த அனைவரும் ஒருமனதாகத் தலையாட்டினார்கள். நாமும் அதில் ஐயம் கொள்ளவில்லை. அவர்கள் வைத்தியரிடம் பேசிவிட்டுச் சீட்டுடன் எழுந்தபோது, கதவருகே வந்த தாயார் திரும்பி நின்று, "ஏனுங்க, ராத்திரியில இவனுக்குக் காச்சல் அடிக்குதுங்க, சோறும் செல்ல மாட்டேங்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?" என்றார். திறந்திருந்த கதவின் வழியாக அந்தக் கேள்வி கூடத்துக்கும் கேட்டது. வைத்தியர் எழுந்து வந்து, அந்த இளைஞரை மறுபடி படுக்கவைத்துக் கால்களைச் சோதித்தார். பாதங்களில் பலம் குறைய ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் எடுத்து, எலும்பிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதித்ததில் தெரிந்தது: முதுகெலும்பில் க்ஷயம்.

க்ஷயம் நெஞ்சில்தான் வரும் என்பது பொதுஜன அபிப்பிராயம். அது எலும்பிலும் வரும். எலும்பில் வருவதில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில் வருகிறது. 1779-லேயே லண்டன் வைத்தியர் பெர்சிவல் பாட் இந்நோயினால் முதுகு கூனிக் கால் செயலறுவதை விவரித்தார். கிருமி இன்னதென்று ராபர்ட் காக் 1882-இல் கண்டார். மருந்து தோன்றியதோ 1943-இல்தான். அதுவரையில் இந்நோய் கண்ட குழந்தைகளை மாவுக்கட்டுத் தொட்டிலில் வருஷக்கணக்காக அசையாமல் கிடத்துவதும், சுத்தமான காற்றுக்கு அனுப்புவதுமே வைத்தியமாக இருந்தன. பெருந்துறையின் வறண்ட காற்றைத் தேடி க்ஷயரோகிகள் வந்ததும் இதே நம்பிக்கையினால்தான்.

இந்த நிலைமையை மாற்றியதில் நம் நாட்டின் பங்கு பெரிது. அதை நம்மில் பலர் அறியார். 1956-இல் சென்னையில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களையும், ஏழைக் குடிசைகளில் இருந்துகொண்டே மாத்திரை உண்டவர்களையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று: மருந்தை ஒழுங்காக உண்டால், குடிசையிலும் நோய் அதே அளவுக்குக் குணமாகிறது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்ததற்குச் சென்னை ஏழைகளின் சாட்சியம் ஒரு முக்கிய காரணம். பிறகு அதே நிலையத்தார் முதுகெலும்பு க்ஷயத்தையும் ஆராய்ந்து, பத்தாண்டுப் பலனை 1999-இல் வெளியிட்டார்கள்: பெரும்பாலோருக்கு, நடமாடிக்கொண்டே மாத்திரை உண்பது போதும், பெரிய ஆபரேஷன் தேவையில்லை. நோய் குணமான பிறகும் குழந்தைகளில் சிலருக்கு வளர வளரக் கூன் அதிகமாவது ஏன் என்பதைக் கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் ஆராய்ந்தார். யாருக்கு அப்படி நேரும் என்று முன்கூட்டியே காட்டும் நான்கு அடையாளங்களை அவர் 2001-இல் வகுத்துக் கொடுத்தார். கொங்கு நாட்டிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

நாம் கண்ட நெசவாளருக்கும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. மருந்து அரசாங்கத்தில் இலவசம். எலும்பு க்ஷயத்துக்கு ஓராண்டு வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் மருந்து உண்ண நேரிடும். வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்துவதுதான் பெரிய அபாயம். சென்ற மாதம் அவரை மறுபடி பார்த்தோம். பாதத்தின் பலம் திரும்பியிருந்தது. பத்து மாத மாத்திரை முடிந்து, மெதுவாகத் தறிக்குத் திரும்பியிருந்தார். தாயார் கதவருகில் திரும்பாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வைத்தியரைக் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் அடுத்த சீட்டை எடுத்தார்.

முதுகுவலி கண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தசைப்பிடிப்பே காரணம். ஓரிரு மாதத்தில் அது தானே தணிந்துவிடும். ஆனால் இரவில் அதிகமாகும் வலி, மாலைக் காய்ச்சல், உடல் இளைத்தல், கால் மரத்தல் அல்லது பலம் குறைதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதைச் சொல்லாமல் வெளியே வரக் கூடாது.

ஜனங்கள் ஏன் கேட்பதில்லை? "பெரியவங்க நேரத்தை வீணாக்கப்படாதுங்க" என்று ஒருவர் நம்மிடம் சொன்னார். மரியாதை நல்லதுதான். ஆனால் 1932-இல் திருப்பூரில் தடியடிபட்டு மாண்டபோதும் கொடியை விடாத குமரன், சென்னிமலையில் பிறந்தவர். தடியடிக்கு அஞ்சாதவரைப் பெற்ற சீமையிலே, ஒரு மேஜைக்கும் ஒரு வெள்ளைக் கோட்டுக்கும் அஞ்சுவானேன்? வைத்தியர்களுக்கும் நாம் ஒன்று விண்ணப்பித்துக்கொள்கிறோம். கூடத்தில் நூறு பேர் காத்திருப்பது மெய்யே. ஆயினும், "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று நோயாளியின் பாஷையில் கேட்பதற்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தில்தான் சில சமயம் நோயே வெளிப்படுகிறது.

சின்னம்மாவுக்கு நாம் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறோம். வைத்தியரிடம் போவதற்கு முதல் நாள் இரவு, காலண்டர்த் தாளின் பின்புறத்தில் ஐந்து கேள்விகளை எழுதி முந்தானையில் முடிந்துகொள்கிறார். எனக்கு வந்திருப்பது என்ன? ஆபரேஷன் இல்லாத வழி உண்டா? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இந்த மாத்திரையை எத்தனை நாள், எந்த வேளை உண்பது? எது நேர்ந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? போன மாதம் தாளைப் பிரித்துப் பார்த்தோம். ஆறாவதாக அவரே தம் கையால் ஒன்று சேர்த்திருந்தார்: "நடவு நாளில் தோட்டத்துக்குப் போகலாமா?" உள்ளே போய்க் கேட்டும்விட்டார். "போகலாம், வரப்பில் நில்லுங்கள், சேற்றில் இறங்காதீர்கள்" என்று பதில் கிடைத்தது.